முகப்பைப் பார்த்து ஐந்தொகை எழுதலாமா? பிரபலங்களை எடைபோடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் தெருவில் நின்று படம் எடுக்கும் வெளியூர்க்காரர்கள், பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தையும் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்காரர்களிடம் எவ்வளவு பணம் இருக்கும்!" என்று வியப்பதைக் கேட்டால், உள்ளூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். முகப்பைக் கடந்து, வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டுக்குப் போனால், ஓடு சரிந்து மழைநீர் ஒழுகும் வீடுகளும், மராமத்துச் செலவை எந்தப் பங்காளி ஏற்பது என்று முடிவாகாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் அவற்றில் உண்டு. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததிலும், பின்னர் அந்நாடு நிலங்களை நாட்டுடைமையாக்கியதிலும், இந்த வீட்டுக்காரர்கள் அங்கே தொழிலில் போட்ட முதலில் பெரும்பகுதி திரும்பவே இல்லை என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. இவ்வளவு அறிந்த நாம், மேடையில் ஒருவர் பொன்னாடையோடு வந்து நின்றால் மட்டும், முகப்பை வைத்தே ஐந்தொகை (சொத்தையும் கடனையும் காட்டும் இறுதிக் கணக்கு) எழுதிவிடுகிறோம்.

இதில் முதன்மையான தவறாக நான் கருதுவது, ஒரே பாராட்டைப் பல சாட்சிகளாக எண்ணிவிடுவது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் அந்தத் தவறுக்கு நானே துணைபோயிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரமுகரின் பாராட்டு விழாவுக்கு வாழ்த்து மடல் எழுதித் தரும்படி கேட்டார்கள். அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. விழாக் குழுவினர் கொடுத்த அரைப்பக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு, 'கல்விக்கண் திறந்த வள்ளல்' என்று ஒரு தொடரைப் போட்டேன். ஓசை நன்றாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. அந்தத் தொடர் பிளெக்ஸ் பலகையில் ஏறியது, விழாச் செய்தியில் வந்தது, மறு ஆண்டு வேறொரு விழாவின் வரவேற்புரையில் 'கல்விக்கண் திறந்த வள்ளல் என்று அனைவராலும் போற்றப்படும்' என்று நீண்டு என் காதிலேயே விழுந்தது. எந்தப் பள்ளிக்கு என்ன செய்தார் என்று இந்த இடங்களில் ஒருவரும் கேட்கவில்லை; எழுதிய நானும் கேட்கவில்லை. எங்கள் அய்யா வட்டிக்கடையில் கணக்கெழுதியவர். சிட்டையில் உள்ள ஒரே வரவைப் பேரேட்டில் மூன்று பக்கத்தில் ஏற்றினால் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்பார். ஒருவரைப் பத்துப் பேர் புகழ்கிறார்கள் என்றால், அந்தப் பத்தும் எந்தக் குறிப்பிலிருந்து கிளைத்தன என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பல நேரம் அந்தத் தடம் அவரது அலுவலக வாசலிலேயே போய் முடியும்.

தொடங்கி வைத்ததை முடித்துக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. எங்கள் பக்கத்து ஊருணி ஒன்றின் படித்துறையில் கருங்கல் பலகை ஒன்று இருக்கிறது. தூர்வாரும் பணியைத் தொடங்கி வைத்தவரின் பெயர் பெரிய எழுத்தில், முன்னிலை வகித்தவர்களின் பெயர்கள் நடுத்தர எழுத்தில், தேதி கடைசியில். பணி முடிந்த நாளைப் பொறிக்க அதில் இடமே விடவில்லை. அங்கிருந்து நூறடி நடந்தால், ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் மண்மேடாகிச் சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதைக் காணலாம். மழை பெய்தால் தண்ணீர் ஊருணிக்குள் இறங்காமல் தார்ச்சாலையோடு ஓடுகிறது. பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் அந்த நூறடியை நடந்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

இதற்கு நேர்மாறானதும் நம் ஊரிலேயே இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்கு அழகப்பச் செட்டியார் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ஆய்வகம் திறக்கப்பட்டு இன்றும் இயங்குகிறது. அவரையும் வள்ளல் என்றுதான் அழைக்கிறோம், ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏக்கரும் ரூபாயும் ஆண்டும் நிற்கின்றன. என் வாழ்த்து மடலில் அதே சொல்லுக்குப் பின்னால் அரைப்பக்கக் குறிப்பு நின்றது.

அழகப்பர் கொடுத்தது தம் சொந்தப் பணம் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். உறுப்பினர் பணியைப் பரிந்துரைக்கிறார். ஒப்புதல் தருவதும் நிறைவேற்றுவதும் மாவட்ட நிர்வாகத்தின் வேலை. அந்த நிதியில் எழும் பயணியர் நிழற்குடையின் நெற்றியில் அவர் பெயர் இருப்பதாலேயே அதைக் கொடையாக வரவு வைப்பது பிழை. அவருக்கு உரிய வரவு, எந்த ஊருக்கு எதைத் தேர்ந்தார் என்பதில் மட்டுமே இருக்கிறது. வெயிலில் பிள்ளைகள் நிற்கும் நிறுத்தத்தை விட்டுவிட்டு ஆளில்லாத முனையில் நிழற்குடை எழுந்திருந்தால், அதைப் பற்றுப் பக்கத்தில் எழுதலாம்.

எண்களைக் கையில் எடுத்தவர்களும் தவறுகிறார்கள். நாடாளுமன்றத்தில் ஒருவர் கேட்ட கேள்விகள் பூஜ்யம் என்று ஒரு பட்டியல் சுற்றும். பார்த்தால் அவர் அமைச்சராக இருப்பார். அமைச்சர் பதில் சொல்ல வேண்டியவர், கேள்வி கேட்பவர் அல்லர். வருகைப் பதிவேட்டிலும் அவர் கையெழுத்திடுவதில்லை. மற்ற உறுப்பினர்களின் வருகைக் கணக்கும் அன்று வருகையைப் பதிவு செய்தார்கள் என்பதற்கு மட்டுமே சான்று. அவையில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பது அதில் இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதி கொரோனாவை ஒட்டி 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு அடுத்த ஆண்டின் பிற்பகுதியில்தான் மீண்டது என்பதை மறந்து, அந்தக் காலத்து உறுப்பினரை மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கையாலாகாதவர் என்று தூற்றுவதும் நியாயம் இல்லை.

பழைய பெருமைக்கு வட்டி போட்டுக்கொண்டே போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நன்றாகப் பணியாற்றியவர், நன்றாகப் பாடியவர், நன்றாக விளையாடியவர் என்றால், அந்தக் காலத்துப் பக்கத்தில் அது அழியாமல் இருக்கும். நடப்பு ஆண்டுக்கு நடப்பு வரவுதான் கணக்கு.

இப்படியெல்லாம் பார்க்கப் பழகியவர்கள் கடைசியில் விழும் குழி ஒன்று உண்டு: புகழ் மிகுந்தவர் என்றாலே போலி என்று முடிவு கட்டிவிடுவது. மிகைப்படுத்தப்பட்டவர் என்று சொல்வதற்கும், செய்ததாகச் சொல்லப்படுவது எவ்வளவு, கண்ணால் கண்டது எவ்வளவு என்ற இரண்டு தொகைகள் வேண்டும். வெறும் எரிச்சல் போதாது. அந்தத் தொகைகளைப் பெறுவது பெரிய காரியமும் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் வாசிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. நான் கடைசியாகப் போன கூட்டத்தில் அந்த ஊருணியின் செலவுக் கணக்கை வாசித்தபோது பாதிப் பேர் தேநீருக்கு எழுந்து போய்விட்டார்கள். வரத்துக்காலுக்கு என்று தனியாக எந்தத் தொகையும் அதில் இல்லை என்பதைக் கவனித்துக் கேட்டவர் பின்வரிசையில் இருந்த நூறு நாள் வேலைக்குப் போகும் ஆயா ஒருவர். "கால் வெட்டாம ஊருணிய வெட்டி என்னப்பா செய்ய?" என்றார். எழுத்தர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.