ராணுவ வாட்சின் பூர்விகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ராணுவ வாட்ச் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் படிப்பது டயலில் உள்ள பெயரைத்தான். ஒமேகா என்றிருந்தால் ஸ்விஸ் ராணுவத்துடையது என்று முடிவு கட்டிவிடுகிறோம். செய்தவர் வேறு, படைக்கு வாங்கிக் கொடுத்தவர் வேறு. 1945-ஐ ஒட்டி பிரிட்டிஷ் ராணுவம் ஒரே அளவு, ஒரே விதிமுறை சொல்லி 12 பிராண்டுகளிடம் வாட்ச் வாங்கியது. ஒமேகாவும் சைமாவும் அதில் உண்டு. எந்தப் படைக்குப் போனது என்பதைச் சொல்வது பெரும்பாலும் பின்மூடிதான்.

அங்கேயும் சறுக்கல் உண்டு. ‘டபிள்யூ10’ என்பதை மாடல் பெயர் என்று நினைப்பவர்கள் நிறைய. அது பிரிட்டிஷ் தரைப்படையின் கிடங்குக் குறியீடு. 0552 என்றால் கடற்படை, 6பிபி என்றால் விமானப்படை. அதையடுத்து வரும் 6645 நேரம் காட்டும் கருவிகளுக்கான நேட்டோ வகை எண். அதற்கடுத்த இரண்டு இலக்கம்தான் நாடு: 99 பிரிட்டன், 66 ஆஸ்திரேலியா, 00 அமெரிக்கா. ஜெர்மன் விமானப்படையின் 55 மி.மீ. வாட்சுகளில் இருக்கும் எஃப்எல் 23883-ஐத் தனி வாட்சின் வரிசை எண்ணாக எடுத்துக்கொள்வதும் தவறு. ஐந்து கம்பெனிகள் செய்த வாட்சுகளிலும் அதே எண்தான்.

பின்மூடியில் அம்புக்குறியைக் கண்டதும் அசல் ராணுவ வாட்ச் என்று நம்பிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. அது பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான முத்திரை. ஆஸ்திரேலியாவில் அதே அம்பு இரண்டு ‘டி’ (D) எழுத்துகளுக்கு நடுவே நிற்கும். ஆனால் அம்பை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். ஒருமுறை வாங்குவதற்காகப் பார்த்த வாட்சின் பின்மூடியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குறுக்கே ஓடிய பழைய கீறல் ஒன்றை அம்பின் கோடு வெட்டிக்கொண்டு போயிருந்தது; ஓரங்களும் விரலில் உரசின. கீறல் விழுந்து ரொம்ப நாள் கழித்துத்தான் அம்பு வந்திருக்கிறது. வாங்கவில்லை. இதனால்தான் பின்மூடிக்கு பாலிஷ் போடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். கீறல் போனால் சாட்சியும் போய்விடும்.

டயலை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள். 1940-களில் இருட்டில் ஒளிர ரேடியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசிய டயல்களைக் கழற்றிவிட்டு, அதே வேலைக்கு ட்ரிட்டியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருளைப் பூசி, வட்டத்துக்குள் ‘டி’ (T) போட்ட டயல்களை பிரிட்டிஷ் ராணுவமே பின்னாளில் பொருத்தியிருக்கிறது. அப்படி மாறிய டயல் போலி அல்ல, அந்த வாட்சின் சேவைக் கதையில் ஒரு பகுதி.

ஒளிராத டயலில் ரேடியம் இல்லை என்று எண்ணிச் சுரண்டிப் பார்ப்பது ஆபத்து. தேய்ந்துபோனது ஒளிரும் பூச்சு மட்டும்தான். ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். நீங்களாகத் திறக்காமல், விவரம் தெரிந்த வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுத்து உள்ளே இருக்கும் மெஷினைப் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். மெஷினில் உள்ள பெயரும் டயலில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால், பின்மூடியையும் மறுபடி லென்ஸில் பார்க்க வேண்டியிருக்கும்.