ஏசி வாங்கும்போது பட்ஜெட்டில் விட்டுப்போகும் செலவுகள்

கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. கடையில் ஏசி மேல் 38,990 என்று ஒட்டியிருக்கிறது. சரி, பணம் போதும் என்று கிளம்பிவிடுகிறோம். முதல் தவறு இதுதான். ஒட்டியிருப்பது கடையை விட்டு வெளியே எடுக்கும் விலை மட்டுமே. சுவரில் மாட்டி, காற்று வரும்வரை ஆகும் செலவு தனி.

வெளி யூனிட்டை வைக்க ஸ்டாண்ட் வேண்டும். பல மாடல்களில் பெட்டியோடு வரும் காப்பர் பைப் மூன்று மீட்டர்தான். வெளி யூனிட் மொட்டைமாடியில் என்றால் கூடுதல் பைப்புக்கு மீட்டர் கணக்கில் வாங்குவார்கள், செம்பு விலை தெரிந்ததுதானே. தண்ணீர் வடியும் குழாய், சுவரில் துளை போடும் கூலி, வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவாக இருந்தால் ஸ்டெபிலைசர் என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாவற்றையும்விடப் பெரியது வயரிங். பழைய வீட்டில் அந்த அறைக்கு 16 ஆம்பியர் பாயின்ட்டே இருக்காது. மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து எம்சிபி (கரண்ட் அளவுமீறினால் தானாக அணையும் சுவிட்ச்) போடவேண்டியிருக்கும். ஏசி வந்து இறங்கிய பிறகு எலக்ட்ரீஷியனைத் தேடாமல், முன்கூட்டியே கூப்பிட்டு வீட்டைக் காட்டுங்கள். ஈபி இணைப்பில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

வாங்கிய பின் கரண்ட் பில். இதைக் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு, எடுத்தாலும் ஏசி மட்டும் எத்தனை யூனிட் இழுக்கும் என்று பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் கட்டணம் அப்படி ஏறுவதில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கீழே இருக்கும் யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்தே பாருங்கள். 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய், 501 என்றால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்தது, 500-ஐத் தாண்டியதும் 4.50 ஆகிவிடுவதால் வரும் வித்தியாசம் இது. அதற்கு மேலே போகும் யூனிட்டுகள் 8 ரூபாயில் தொடங்குகின்றன. 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஆகவே கடைக்குப் போகுமுன் போன கோடையின் பில்லை எடுத்து வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே 420 யூனிட் ஓடும் வீட்டில் ஏசி வந்தால் 500-ஐத் தாண்டுவது நிச்சயம்.

அப்படியென்றால் கரண்டை அதிகம் மிச்சப்படுத்தும் ஐந்து நட்சத்திரம்தான் வாங்கவேண்டும் என்று விற்பனையாளர் சொல்வார். எப்போதும் அப்படியில்லை. ஏசி லேபிளில் அச்சிட்டிருக்கும் வருடாந்தர யூனிட், 1,600 மணி நேரம் ஓடுவதை வைத்துப் போட்ட கணக்கு. மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்துக்கும் லேபிளில் 250 யூனிட் வித்தியாசம், விலையில் 8,000 வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் மட்டும் இரவு எட்டு மணி நேரம், 90 நாள் போடுகிற வீட்டில் மொத்தம் 720 மணி நேரம். மிச்சமாவது சுமார் 112 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் வருஷத்துக்கு 900 ரூபாய்தான். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப ஒன்பது வருஷம் ஆகும். அதே ஏசி வருஷத்தில் 300 இரவு ஓடினால் மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும். ஃபிரிட்ஜ் கதை வேறு. அது இரவு பகலாக, வருஷம் முழுக்க ஓடுவது. நட்சத்திரத்துக்குக் கூடுதல் பணம் போட அதுதான் சரியான இடம். நம் ஊரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

லேபிளில் ஆண்டையும் பாருங்கள். 2022 ஜூலையில் ஏசிக்கான நட்சத்திர விதிகளை இறுக்கியபோது, பழைய ஐந்து நட்சத்திரம் நான்காக இறங்கியது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய ஸ்டாக் மோசம் என்றில்லை, புதிய ஐந்தின் விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். வரிக்குறைப்பு ஆஃபரும் இப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2018-லேயே 18 சதவீதத்துக்கு வந்துவிட்டன. அவற்றுக்கும் 'ஜிஎஸ்டி குறைப்பு விலை' என்று பலகை வைத்திருந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

இனி தவணை. வட்டியில்லாத் தவணை என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. வழக்கமாக நடப்பது இது: வட்டியளவு தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்து, அதையே வங்கி வட்டியாக வாங்கிக்கொள்ளும். கிரெடிட் கார்டு தவணையில் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, பிராசஸிங் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேரும். வட்டி 1,600 என்றால் ஜிஎஸ்டி மட்டும் 288 ரூபாய். இது பெரிய தொகையில்லை. உண்மையான இழப்பு வேறு இடத்தில்: தவணையில் வாங்கினால் ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி கைநழுவிப்போகலாம். எனவே கடையில் முதல் கேள்வி, 'முழுசா இப்பவே கொடுத்தா கடைசி விலை என்ன?' என்பதாக இருக்கட்டும். தவணைப் பேச்சு அதற்கு அப்புறம். ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் என்றால், எல்லாக் கட்டணமும் சேர்த்த வருடாந்தர வட்டி விகிதத்தைக் காட்டும் விவரத்தாள் தரவேண்டும். 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்குத் தரும் இதுபோன்ற புதிய தவணைக் கடன்களுக்கு அது கட்டாயம். உங்களுக்குப் புரிகிற மொழியில் கேட்டு வாங்கலாம்.

ஏலச்சீட்டில் சேர்த்து வாங்குவது தவறில்லை, பதிவு செய்த சீட்டாக இருக்கும்வரை. அவசரப்பட்டு முதல் மாதங்களிலேயே தள்ளி, அதாவது சீட்டுத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, எடுப்பதுதான் சிக்கல். ஒரு லட்சம் சீட்டை 25,000 தள்ளி எடுத்தால் கையில் வருவது 75,000. மற்றவர்கள் தள்ளும் தொகையில் பங்காக மாதா மாதம் கழிவு கொஞ்சம் கிடைக்கும்தான், ஆனாலும் கோடை முடிவதற்குள் ஏசி வேண்டும் என்பதற்காக அவ்வளவு தள்ளுவது கடன் வாங்குவதைவிட மலிவாக இருக்குமா என்று கணக்குப் போட்டுத்தான் எடுக்கவேண்டும்.

கடைசியாக வாரன்ட்டி. 'பத்து வருஷ வாரன்ட்டி' என்று சொல்வது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். முழு ஏசிக்குப் பல மாடல்களில் ஒரு வருஷம்தான் இருக்கும். இன்வெர்ட்டர் ஏசியில் பழுதானால் கையைக் கடிப்பது சர்க்யூட் போர்டு. அதற்கு எத்தனை வருஷம், கேஸ் நிரப்பும் செலவும் கூலியும் சேர்த்தியா என்று கேட்டு, பில்லிலோ வாரன்ட்டி அட்டையிலோ இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.