காரின் சொந்த மேப் சொதப்புகிறதா? போனைத் திரையில் இணைப்பது எப்படி

‘நேவிகேஷன் இருக்கிற டாப் மாடல்தான் வேணும்’ என்று கூடுதலாகப் பணம் கட்டி வாங்கியவர்கள் பலர், கொஞ்ச நாளிலேயே அதைத் தொடுவதை விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய திரையை வெறும் பாட்டுக்கு வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே போனை மாட்டி வழி பார்க்கிறார்கள். காரின் மேப் முகவரி கேட்கும். நம் ஊரில் யார் முகவரி சொல்கிறார்கள்? ‘பெட்ரோல் பங்க் தாண்டி இடது பக்கம் மண்டபம், லொகேஷன் அனுப்பியிருக்கேன் பாருங்க’ என்பதுதான் முகவரி. அந்த லொகேஷன் வாட்ஸ்அப்பில் கிடக்கும். பெரும்பாலான கார்களின் சொந்த மேப்புக்குள் அதை நேராக அனுப்ப வழி கிடையாது.

சரி, கையால் தட்டலாம் என்றால் மாநிலம், ஊர், தெரு என்று படிப்படியாக இறங்கச் சொல்லும். திருவான்மியூருக்கு ‘டி’க்குப் பிறகு ‘ஹெச்’ உண்டா இல்லையா என்பதில் ஒரு எழுத்து பிசகினாலும் ‘கிடைக்கவில்லை’ என்று வந்து நிற்கும். 2020 ஜூனில் தமிழக அரசே 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. காரின் திரையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்! இதில் கார் நகரத் தொடங்கியதும் கீபோர்டு பூட்டிக்கொள்ளும் மாடல்களும் உண்டு. பாதுகாப்புக்காகத்தான், ஆனால் பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவராலும் தட்ட முடியாது.

அப்புறம் மேப்பின் வயது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது 2023 டிசம்பர் 30-இல். 2019-இல் வாங்கிய காரின் மேப்பை ஒருமுறைகூட அப்டேட் செய்யவில்லை என்றால், அதற்கு இன்னமும் கோயம்பேடுதான் தெரியும்.

இதற்கெல்லாம் எளிய வழி, போனில் இருக்கும் மேப்பைக் காரின் திரைக்குக் கொண்டுவருவது. வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே செய்துவிடுங்கள்.

படி 1: உங்கள் காரில் வசதி இருக்கிறதா?

திரையின் முதல் பக்கத்தில் ‘ஆண்ட்ராய்டு ஆட்டோ’ (ஆண்ட்ராய்டு போனுக்கு), ‘ஆப்பிள் கார்ப்ளே’ (ஐபோனுக்கு) என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில கார்களில் ‘போன் ப்ரொஜெக்ஷன்’ மாதிரி வேறு பெயருக்குள் ஒளிந்திருக்கும். எதுவுமே இல்லையென்றால் நேராகப் படி 6-க்குப் போய்விடலாம்.

படி 2: சரியான கேபிள்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கடையில் மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டாவைக் கடத்தாது. செருகினால் போனில் சார்ஜ் ஏறும், திரையில் ஒன்றும் வராது. கார்தான் பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்களும் உண்டு. போனோடு வந்த கேபிளையோ, டேட்டா கேபிள் என்று கேட்டு வாங்கியதையோ பயன்படுத்துங்கள். காரில் யுஎஸ்பி துளை இரண்டு மூன்று இருந்தால், ஒன்றில் மட்டும் போன் அடையாளம் போட்டிருக்கும். அதில்தான் செருக வேண்டும்.

படி 3: இணைப்பது

ஆண்ட்ராய்டு 10-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில் ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ளேயே இருக்கும், தனியாக எதுவும் இறக்க வேண்டாம். ஐகான் கண்ணில் படாது. செட்டிங்ஸில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்கும். கேபிளைச் செருகி, போனில் வரிசையாக வரும் அனுமதிக் கேள்விகளுக்கு ஒப்புதல் கொடுங்கள். ஐபோன் என்றால் முதலில் ‘சிரி’ (Siri) என்ற குரல் உதவியாளர் ஆன் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கார்ப்ளே வராது.

ஒருமுறை இணைந்தபின், காரும் போனும் இடம் கொடுத்தால் வயர் இல்லாமலும் ஓட்டலாம். அதற்கு பொதுவாக ஆண்ட்ராய்டு 11 வேண்டும். ஆனால் வயர் இல்லாமல் ஓட்டினால் பேட்டரி வேகமாக இறங்கும், போனும் சுடும். நீண்ட பயணத்துக்கு என் ஓட்டு கேபிளுக்குத்தான்.

படி 4: போகும் இடத்தைப் போடுவது

கிளம்புவதற்கு முன், வாட்ஸ்அப்பில் வந்த லொகேஷனைத் தொடுங்கள். கூகுள் மேப்ஸில் திறக்கும். உடனே ‘சேவ்’ அழுத்தி, ‘மன்னார்குடி கல்யாணம்’ என்பதுபோல ஒரு பெயர் வையுங்கள். காரில் ஏறியதும் திரையில் சேமித்த இடங்களின் பட்டியலிலிருந்து எடுத்தால் போதும். வழியில் வாட்ஸ்அப்பைத் திறந்து நூறு குட்மார்னிங் மெசேஜுக்கு நடுவே தேட வேண்டாம்.

அனுப்புபவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: ‘லைவ் லொகேஷன்’ வேண்டாம், சாதாரண லொகேஷன் போதும். லைவ் லொகேஷன் காட்டுவது மண்டபத்தை அல்ல, அனுப்பியவரின் போனை. 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அதற்குக் கெடுவும் உண்டு. மாமா பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனால் மண்டபமும் கூடவே போகும்.

படி 5: குரலும் சத்தமும்

கூகுள் மேப்ஸின் செட்டிங்ஸில் நேவிகேஷன் பகுதிக்குள் குரல் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். 2018-இலிருந்து இந்த வசதி உண்டு. பாட்டு ஓடும்போது வழி சொல்லும் குரல் கேட்கவில்லை என்றால், அந்தக் குரல் பேசிக்கொண்டிருக்கும்போதே வால்யூமைக் கூட்டுங்கள். மற்ற நேரத்தில் திருகினால் பாட்டுச் சத்தம்தான் கூடும்.

படி 6: திரையோ இந்த வசதியோ இல்லாத காருக்கு

ஒரு நல்ல ஸ்டாண்டு வாங்கி, ஏசி வென்ட்டில் மாட்டுங்கள். டாஷ்போர்டின் மேலே வெயிலில் வைத்தால் போன் சூடாகித் திரை மங்கும். சில போன்கள் அணைந்தே போகும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வண்டி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டுமே, அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம்.

தினமும் பைக்கில் போகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். மேப்பில் பைக் படம் தேர்வாகியிருந்தால் அதைக் காருக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஸ்கூட்டி மட்டும் நுழையும் சந்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

படி 7: ஆஃப்லைன் மேப்

மலைப்பாதையில் சிக்னல் போனால் போன் மேப் தடுமாறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளிலோ மேப் உறைந்து நின்றால் எரிச்சல்தான். முதல் நாள் வீட்டு வைஃபையில் கூகுள் மேப்ஸைத் திறந்து, மேலே வலது மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ பகுதிக்குள் போங்கள். ஒரு கட்டம் வரும். போகும் பகுதி முழுவதும் அதற்குள் அடங்கும்படி விரித்து, டவுன்லோட் கொடுங்கள். ஒரு கட்டத்தில் அடங்காவிட்டால் இன்னொன்று போடுங்கள். ஆஃப்லைனில் வழி தெரியும். போக்குவரத்து நெரிசல் தெரியாது.

போனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சென்னை கத்திப்பாராவில் மேலே ஏறுவதா, கீழேயே போவதா என்பதில் எந்த மேப்பும் ஒரு நொடி தாமதிக்கும். அங்கே பெயர்ப் பலகையைப் பாருங்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்த பாலத்தின் மேல் மேப் காட்டிய வழியில் போன கார் ஆற்றுப்படுகையில் விழுந்து மூவர் இறந்தார்கள். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பந்திப்பூர் காட்டுச் சாலை மூடியிருக்கும் என்பதையும், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள் என்பதையும் நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

படி 8: பழைய மேப்பை எதற்கு வைத்திருப்பது?

காரின் சொந்த மேப்புக்கு இன்டர்நெட் வேண்டாம், போன் சார்ஜும் வேண்டாம். பல கார்களில் ஜிபிஎஸ் ஆன்டெனா கூரையிலேயே இருப்பதால் சிக்னலும் நன்றாகப் பிடிக்கும். அதனால் தொலைதூரப் பயணத்தில் போகும் இடத்தை அதிலும் ஒருமுறை போட்டுவைப்பது நல்லது. முகவரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். போன் மேப்பில் அந்த இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். தமிழ்நாட்டில் முதல் எண், அதாவது அட்சரேகை, 8 முதல் 13-க்குள் தொடங்கும். இரண்டாவது, தீர்க்கரேகை, 76 முதல் 80-க்குள். காரின் மேப்பில் ‘கோஆர்டினேட்ஸ்’ என்ற தேடல் இருந்தால் அவற்றை அப்படியே தட்டலாம்.

கார் டிகிரி, நிமிடம் என்று பிரித்துக் கேட்டால் மட்டும் கவனம். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்கினால்தான் நிமிடம் வரும். 12.5 என்பது 12 டிகிரி 30 நிமிடம். இதை 12 டிகிரி 50 நிமிடம் என்று போட்டுவிட்டால், மண்டபத்திலிருந்து 37 கிலோமீட்டர் வடக்கே போய் இறங்குவீர்கள்.