நாய்களின் அடினோவைரஸ் கல்லீரல் நோய்: கண்டறிதலும், குணமான பின் செய்ய வேண்டியவையும்

நாய்களைத் தாக்கும் அடினோவைரஸ் இரண்டு வகைப்படும். இரண்டாம் வகை மூச்சுக்குழாயைத் தாக்கி, பல நாய்கள் சேர்ந்து வாழும் இடங்களில் வறட்டு இருமலை உண்டாக்கும். அது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். இங்கே நாம் பார்க்கப்போவது முதலாம் வகையை. கல்லீரல், சிறுநீரகம், கண், இரத்தக்குழாய்களின் உட்சுவர் ஆகியவற்றைத் தாக்கும் இந்த நோயை ஸ்வீடனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ரூபார்த் 1947-இல் நாய்களிடம் விரிவாக விவரித்தார். ஆனால் அதற்கு முன்பே, 1920-களில், அமெரிக்காவின் வெள்ளி நரிப் பண்ணைகளில் மூளை அழற்சியாக வெளிப்பட்டு நரிகளைக் கொன்றதும் இதே வைரஸ்தான். ஓநாய், கொயோட்டி, கரடி, ஸ்கங்க் போன்ற விலங்குகளுக்கும் இது தொற்றும். மனிதருக்கு இதனால் நோய் வருவதில்லை.

நோயுற்ற விலங்கின் உமிழ்நீர், மலம், சிறுநீர் ஆகியவற்றை மற்றொரு விலங்கு முகர்வதாலோ நக்குவதாலோ தொற்று ஏற்படுகிறது. இவற்றுள் சிறுநீரே முதன்மையாகக் கவனிக்கப்பட வேண்டியது. ஏனெனில், காய்ச்சல் தணிந்து, நாய் பழையபடி ஓடி விளையாடத் தொடங்கிய பிறகும், சிறுநீரகத்தில் தங்கிவிட்ட வைரஸ் ஆறு மாதமோ அதற்கு மேலுமோ சிறுநீரில் வெளியேறிக்கொண்டிருக்கும். பார்வைக்கு நலமாக இருக்கும் நாய் தெருமுனைக் கம்பத்தில் காலைத் தூக்கும்போது, அடுத்து வந்து முகரும் தடுப்பூசி போடாத குட்டிக்கு நோயைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

தொற்றிய ஏறத்தாழ ஒரு வாரத்தில் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் காணும். சில நாய்களில் அது ஒரு நாள் தணிந்து மீண்டும் ஏறும். சோர்வு, உணவு மறுத்தல், மிகுந்த தாகம், வாந்தி, வயிற்றைத் தொட்டால் முனகுதல் ஆகியவை தொடரும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: வெளிறிய ஈறில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால், இரத்தம் உறையும் தன்மை குலைந்திருக்கக்கூடும் என்பதால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மிகச் சிறிய குட்டிகள் இத்தகைய அறிகுறிகள் எதையும் காட்டாமல் சில மணி நேரத்தில் இறந்துவிடுவதுண்டு. அப்போது யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தாரைச் சந்தேகிப்பது வழக்கம். சண்டைக்குப் போவதற்கு முன் உடற்கூறாய்வுக்குக் கொடுத்து, கல்லீரல் மாதிரியைப் பரிசோதிக்கச் சொல்வது நல்லது.

மருத்துவமனைக்குப் போகும் முன் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே சிதைந்துகொண்டிருக்கும் கல்லீரலுக்கு அது மேலும் கேடு செய்யும். வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து வழக்கத்தில் இல்லை. நரம்பு வழி திரவம், சர்க்கரை அளவு குறைந்தால் குளுக்கோஸ், தேவைப்பட்டால் இரத்தம் அல்லது பிளாஸ்மா என்று உடலைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. எலிக்காய்ச்சலும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் வரும். அது சிறுநீர் வழியாக மனிதருக்கும் பரவும் என்பதால், பி.சி.ஆர். போன்ற பரிசோதனையில் காரணம் உறுதிப்படும் வரை கையுறை இல்லாமல் சிறுநீரைத் துடைக்க வேண்டாம். குணமாகிவரும் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குக் கருவிழி நீலம் பாய்ந்து மங்கும். பெரும்பாலும் தானே தெளியும். வீட்டில் மீதமிருக்கும் ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்தை விட்டால், கருவிழியில் புண் இருக்கும் நிலையில் பார்வையே போகலாம்.

அடுத்தது, பலரும் அரைகுறையாக விட்டுவிடும் வேலை: இடத்தைச் சுத்தம் செய்வது. இந்த வைரஸுக்குக் கொழுப்புறை இல்லாததால் ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பான் அதை நம்பத்தக்க அளவில் அழிப்பதில்லை; பினாயில் வாசனை வந்துவிட்டால் கிருமி போய்விட்டது என்பதும் வெறும் நம்பிக்கைதான். முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நிறைய நீர் விட்டு அலச வேண்டும். பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரை பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி ஊற்றி வைத்துப் பின் அலச வேண்டும். அழுக்கோ சிறுநீரோ மிச்சமிருந்தால் பிளீச் வலுவிழக்கும். கழிப்பறை ஆசிடுடன் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். பாத்திரங்களையும் துணிகளையும் கொதிநீரில் ஊறவைத்தால் போதும், ஏனெனில் 60 டிகிரி வெப்பத்தில் வைரஸ் சில நிமிடங்களில் செயலிழந்துவிடும். குணமான நாயை ஆறு மாதத்துக்குக் குறையாமல் குட்டிகள் உள்ள வீடுகளுக்கும் நாய்க் காப்பகங்களுக்கும் அனுப்பாதீர்கள். சிறுநீர் கழிக்க, கழுவக்கூடிய ஒரே இடத்துக்குப் பழக்குங்கள்.

தடுப்பூசி இவ்வளவு சிரமத்தையும் மிச்சப்படுத்தும். முதலாம் வகை வைரஸைக் கொண்டு தயாரித்த பழைய தடுப்பூசி சில நாய்களில் அதே நீலக் கண்ணை உண்டாக்கியதால், இப்போது இரண்டாம் வகையை வலுவிழக்கச் செய்து பயன்படுத்துகிறார்கள்; அது இரண்டுக்கும் எதிராகக் காக்கிறது. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, 16 வாரம் நிறையும் வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் முந்தைய ஊசிகளை முறியடித்துவிடக்கூடும் என்பதால் கடைசி ஊசியைத் தவறவிடக் கூடாது. ஒரு வயதுக்குள் ஒரு பூஸ்டரும், அதன் பின் மூன்று ஆண்டுக்கு ஒன்றும் இந்த வைரஸுக்குப் போதுமானவை. குட்டிகளுக்கான சில முதல் ஊசிகளில் டிஸ்டெம்பர், பார்வோ என்ற வேறு இரண்டு வைரஸ் நோய்களுக்கான மருந்து மட்டுமே இருக்கும். ஆகவே, குப்பியின் லேபிளில் ‘அடினோவைரஸ்’ அல்லது ‘ஹெப்படைட்டிஸ்’ என்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டோரத்தில் வாழ்பவர்களுக்கு இன்னும் ஒரு பொறுப்பு உண்டு. மகாராஷ்டிரத்தின் நான்னஜ் புல்வெளிப் பகுதியில் தெருநாய்களையும் குள்ளநரிகளையும் (இந்திய நரி) ஆராய்ந்தபோது, இரண்டு விலங்குகளிலும் நாய் அடினோவைரஸுக்கான எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) காணப்பட்டது. இங்கிலாந்தில் இந்நோயால் காட்டுச் செந்நரிகள் இறந்ததும் பதிவாகியிருக்கிறது. எனவே நாயை இரவில் அவிழ்த்துவிடாமலும், இறந்த நரியின் உடலருகே போகவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அடிபட்ட நரிக்குட்டியைக் கண்டால் நாய்க்கூண்டில் அடைக்காமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து சேரும் வரை, நாய் பயன்படுத்தாத அட்டைப் பெட்டி ஒன்றில் வைத்திருந்து, பின்னர் அந்தப் பெட்டியை எரித்துவிடுங்கள்.