எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்: பழைய மாணவர் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமே கிடையாது. தூய யோவான் கல்லூரி 1878, சாராள் தக்கர் கல்லூரி 1895, தூய சவேரியார் கல்லூரி 1923. அப்புறம் 1971-ல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. 1990-ல் அபிஷேகப்பட்டிப் பக்கம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். தாத்தாவும் அப்பாவும் பேரனும் ஒரே கல்லூரியில் படித்த வீடுகள் இங்கே நிறைய உண்டு. இப்படிப்பட்ட ஊரில் பழைய மாணவர் சங்கம் நடத்துவது சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் நான் பார்த்த சங்கங்களில் பலவும் வருடத்துக்கு ஒரு சந்திப்பு, மத்தியானச் சாப்பாடு, குரூப் போட்டோ என்று நின்றுவிட்டன.

இப்போது சில கல்லூரிகளில் சங்கப் பொறுப்பு இளையவர்கள் கைக்கு வந்திருக்கிறது. யோசனை கேட்டு வருகிறார்கள், ஆர்வமாக இருக்கிறார்கள். அவர்கள் போடும் திட்டத்தைக் கேட்கும்போது, எங்கள் காலத்தில் சங்கங்கள் எங்கெல்லாம் சறுக்கினவோ அங்கேயே இவர்களும் சறுக்கப் போவது தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மைக் மக்கர் செய்வது, வாழ்த்துரை நீள்வது, சாப்பாடு பற்றாமல் போவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஊரைக் கேட்காமல் நாள் குறிப்பது

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டும் லீவு நாள் என்பதால் எல்லாரும் அவற்றையே பிடிக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது சரி. வெளியூரில் இருக்கும் நம் ஆட்கள் எப்போது ஊருக்கு வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருவார்கள். சித்திரையிலும் ஆடியிலும் கொடை என்கிற அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருவார்கள். கிறிஸ்துமஸுக்கு வருபவர்கள் புது வருட ஆராதனை முடியும்வரை இருப்பார்கள். வளைகுடாவில் குடும்பத்தோடு இருப்பவர்கள் பெருநாளுக்கு வருவார்கள், இல்லையென்றால் அங்கே பள்ளிக்கூடம் விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில் வருவார்கள். கொடை நாளிலேயே சந்திப்பு வைத்தால் யாரும் கோயிலை விட்டு வரமாட்டார்கள். அதை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் வருவார்கள்.

இன்னொன்று ரயில். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. பண்டிகை சமயத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் எவ்வளவு வேகமாகத் தீரும் என்று சென்னையில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முன்பதிவு திறப்பதற்கு முன்பே தேதி அவர்கள் கையில் இருக்க வேண்டும். மூன்று மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு தேதியை மாற்றாதீர்கள்.

உதவி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவரைத் திரும்பக் கூப்பிடாமல் விடுவது

என்னை இன்றைக்கும் கோபப்படுத்துகிற தவறு இது. மற்றவற்றை எல்லாம் அடுத்த வருடம் சரிசெய்துகொள்ளலாம். இது சங்கத்தின் வேரையே அரித்துவிடும்.

சந்திப்பு முடிகிற நேரத்தில் ஒரு நோட்டு சுற்றி வரும். பெயர், படித்த வருடம், பாடப்பிரிவு, போன் நம்பர் என்று கட்டம் போட்டிருக்கும். கடைசிக் கட்டத்தில், ‘கல்லூரிக்கு எந்த வகையில் உதவ விரும்புகிறீர்கள்?’ பாதிப் பேர் அதைக் காலியாக விடுவார்கள். சிலர் மட்டும் நிறுத்தி, யோசித்து எழுதுவார்கள். வங்கியில் இருப்பவர், ‘சனிக்கிழமைகளில் வங்கித் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன்’ என்பார். ஓய்வு பெற்ற ஆசிரியை, ‘ஆங்கிலம் பேசச் சொல்லித் தருகிறேன்’ என்பார். பிரஸ் வைத்திருப்பவர், ‘அழைப்பிதழ் அச்சடித்துத் தருகிறேன்’ என்பார். அந்த நோட்டு அப்படியே பீரோவுக்குள் போகும். அடுத்த வருடம் புது நோட்டு, அதே கட்டம், அதே கேள்வி. போன வருடம் எழுதியவரிடமே மறுபடியும் நீட்டுவார்கள்.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள் அரிசி, பாய், போர்வை எல்லாம் சேர்த்துவிட்டார்கள். கொண்டுபோக வண்டி இல்லை. வாடகைக்குக் கேட்டால், தண்ணீருக்குள் வரமாட்டோம் என்கிறார்கள். நாள் முழுக்க அலைந்தார்கள். கடைசியில் நயினார்குளம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒருவர், அதே கல்லூரியில் பி.காம் படித்தவர், தற்செயலாகக் கேள்விப்பட்டு இரண்டு வண்டியோடு வந்து நின்றார். செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்ககிட்ட வண்டி இருக்குன்னு தெரியாமப் போச்சே” என்றார். அவர் சொன்ன பதில்: “அண்ணாச்சி, வண்டி எப்ப வேணும்னாலும் சொல்லுங்கன்னு நோட்டுல எழுதிக் குடுத்தேம்லா. ரெண்டு வருசம் எழுதிக் குடுத்தேன். ஒருத்தரும் கூப்பிடலையே.”

தண்ணீர் வடிந்த பிறகு பீரோவைத் திறந்து பார்த்தார்கள். எழுதியிருந்தது. கரையிருப்பில், வீரவநல்லூரில், முறப்பநாட்டில் இருந்தெல்லாம் உதவத் தயாராக இருந்தவர்களின் நம்பரும் அதே நோட்டில் இருந்தது. அவ்வளவு பெரிய வெள்ளத்தில் அந்த ஒரு நாள் போனது போனதுதான்.

இப்படி விடப்பட்டவர் சண்டைக்கு வரமாட்டார், கடிதம் எழுதமாட்டார். அடுத்த சந்திப்புக்கு வராமல் இருப்பார். அவர் வகுப்பு நண்பர்கள், “போகலாமா?” என்று கேட்கும்போது, “நான் போனேன், ஒண்ணும் நடக்கலை” என்பார். ஒரு வகுப்பே அதோடு விலகிவிடும். அரங்கம் நிறைய ஆள் இருந்தாலும் எழுதிக் கொடுப்பவர்கள் சிலர்தான். சங்கத்தைத் தாங்கப் போகிறவர்கள் அவர்களே.

ஏன் இப்படி நடக்கிறது? யாருக்கும் அக்கறை இல்லை என்று சொல்லமாட்டேன். பொறுப்புப் பேராசிரியருக்கு வகுப்பு இருக்கிறது, விடைத்தாள் திருத்தம் இருக்கிறது. வெளியாள் உள்ளே வருவதற்கு முதல்வர் அனுமதி வேண்டும், அதற்கு யார் கடிதம் எழுதுவது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுப்பதற்கு வேலையைத் தயார் செய்யாமலே உதவி கேட்கிறோம். வந்தவர் என்ன செய்வார் என்று நமக்கே தெரியாத நிலையில் அந்தக் கட்டத்தை நோட்டில் போடவே கூடாது.

ஆகவே முதலில் வேலையை எழுதுங்கள், பிறகு ஆளைத் தேடுங்கள். சந்திப்புக்கு முன்பே துறைத் தலைவர்களோடு உட்கார்ந்து, அந்த வருடம் நிஜமாகத் தேவைப்படும் ஏழெட்டு வேலைகளைக் குறியுங்கள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, 10 மணியிலிருந்து 1 மணி வரை, மூன்றாம் வருட மாணவர்களுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு. மாணவர்களின் சுயவிவரத்தை வாங்கிப் படித்துத் திருத்திக் கொடுப்பது. கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்ப்பவர் என்றால், அனுமதி வாங்கி ஒரு சிறு குழுவை அழைத்துப்போய்க் காட்டுவது. மழைக்காலத்துக்கு முன் வண்டி, படகு, சமையல் பாத்திரம் யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், கல்லூரிக்குள் யாரைப் பார்க்க வேண்டும் என்பது இருக்க வேண்டும். அதை நீட்டி, “இதில் எது முடியும்?” என்று கேளுங்கள். பதிலும் தெளிவாக வரும்.

எழுதிக் கொடுத்தவரை ஒரு வாரத்துக்குள் போனில் கூப்பிடுங்கள். குறுஞ்செய்தி போதாது. இப்போது தேவை இல்லை என்றால், எந்த மாதம் தேவைப்படும் என்று சொல்லுங்கள். முதல் வேலை சிறியதாக, ஒரே நாளில் முடிவதாக இருக்கட்டும். அவர் வருகிற நாளில் வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து இரவு பஸ் ஏறி வந்த ஒருவரை, காலையில் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் மாணவர்களை எல்லாம் வேறொரு விழாவுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். காலியான வகுப்பறையில் காத்திருந்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் திரும்பினார். அவர் மறுபடி வரவில்லை, அவரைக் கூப்பிடும் தைரியமும் யாருக்கும் வரவில்லை.

வேலை முடிந்ததும் என்ன ஆனது என்று சொல்லுங்கள். “நீங்கள் நேர்முகத் தேர்வு எடுத்த பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது” என்று அந்தப் பையனே பேசினால் அவர் ஆயுசுக்கும் சங்கத்தை விடமாட்டார். நன்றாகச் செய்கிறார் என்பதற்காக எல்லா வேலையையும் அவர் தலையிலேயே கட்டவும் வேண்டாம். ஒரு வருடம் செய்தவரை, “போதுமா, தொடர்கிறீர்களா?” என்று கேட்டு, வேண்டாம் என்றால் மரியாதையோடு விடுவித்துவிடுங்கள்.

மேடைக்குப் பெரிய பதவியையே தேடுவது

கலெக்டர், கம்பெனித் தலைவர், அமெரிக்காவில் இருப்பவர். கூப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மானூரிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் பஸ் ஏறி வருகிற மாணவி, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவள், அவர்களிடம் என்ன கேட்பாள்? அதே பஸ்ஸில் வந்து படித்து, டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதி, இப்போது தாலுகா ஆபீஸில் இருக்கும் அக்காவிடம் நூறு கேள்வி கேட்பாள். எந்தப் புத்தகம், எந்த மாதத்தில் தொடங்கினீர்கள், வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கேட்பாள். மேலப்பாளையத்தில் கடை வைத்திருப்பவர், வண்ணாரப்பேட்டையில் கிளினிக்கில் இருப்பவர், ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் தலைமையாசிரியர் எல்லாரும் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரமும் இருக்கிறது, கேட்பார்தான் இல்லை.

கல்யாணமாகிப் போன மாணவிகளைத் தொலைப்பது

இன்ஷியல் மாறுகிறது, ஊர் மாறுகிறது, போன் நம்பர் மாறுகிறது. நம் பட்டியலில் அப்பா வீட்டு முகவரியே இருக்கிறது. அழைப்பு அங்கே போய்த் தங்கிவிடும். பதிவேட்டில் கல்லூரியில் இருந்த பெயரும் இப்போதைய பெயரும் இரண்டும் இருக்கட்டும். வகுப்புக்கு ஒரு தோழி பொறுப்பெடுத்தால் மற்றவர்களை ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார். சந்திப்பைக் காலையில் வைத்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி முடியுங்கள். கைக்குழந்தையோடு வருபவருக்கு ஓர் அறை ஒதுக்குங்கள்.

நாக் (NAAC) மதிப்பீடு வருகிற வருடம் மட்டும் ஞாபகம் வருவது

கல்லூரிகளுக்கு நாக் அமைப்பு செய்யும் தர மதிப்பீட்டில் பழைய மாணவர் பங்களிப்புக்கு மதிப்பெண் உண்டுதான். அதற்காக மட்டும் கூப்பிடுகிறீர்கள் என்பது வருபவருக்குத் தெரியும்.

பாஸ்போர்ட் கேட்காமல் பணம் வாங்குவது

இது சட்டச் சிக்கல், கவனமாக இருங்கள். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் துபாயில் இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் ஆகும். அதை வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-ல் வந்த திருத்தத்தின்படி டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். பாசத்தோடு ஒருவர் அனுப்பிவிட்ட பிறகு இதையெல்லாம் தேடி ஓடாதீர்கள். ஆடிட்டர் ஒருவர் உங்கள் பழைய மாணவர்களிலேயே இருப்பார், முதலிலேயே அவரைக் கேளுங்கள்.

செயலாளரின் ஜிபே நம்பருக்குப் பணம் வாங்குவது

கூடவே கூடாது.

வாட்ஸப் குழுவே சங்கம் என்று நினைப்பது

ஒரு குழுவில் 1024 பேர் இருக்கலாம். வாழ்த்துப் படமும் அரசியல் வீடியோவும் வந்தால் அத்தனை பேரும் ஒலியை அணைத்துவிடுவார்கள். அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் நிர்வாகிகள் மட்டும் எழுதட்டும். அரட்டை அந்தந்த வகுப்புக் குழுவில் நடக்கட்டும்.

பட்டியல் ஒருவர் போனில் மட்டும் இருப்பது

மூன்று பேரிடம் பிரதி இருக்கட்டும், அதில் ஒன்று கல்லூரி அலுவலகத்தில். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நம்பர் வாங்கும்போதே எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். தெரிந்தவர் என்று கோச்சிங் சென்டருக்கோ இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கோ கொடுத்துவிடாதீர்கள்.