ராத்திரி ஒரு நோட்டு, மூணு விஷயம்: சந்தோஷமா இருக்க ஒரு சின்ன பழக்கம்

சந்தோஷமா இருக்கணும்னு முடிவு பண்ணி காலைல அஞ்சு மணிக்கு எழுந்து யோகா, வாக்கிங், தியானம்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் அடுத்த வாரமே விட்டுடறாங்க. அதனால இங்க ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் முழுசா சொல்லித்தரேன், அது கைக்கு வந்தப்புறம் சேர்த்துக்க கடைசியில ரெண்டு சின்ன விஷயம் இருக்கு.

பழக்கம் இதுதான். தூங்கப் போறதுக்கு முன்னாடி இன்னிக்கு நல்லா நடந்த மூணு விஷயத்தை எழுதணும், ஒவ்வொண்ணும் ஏன் நடந்துச்சுன்னும் எழுதணும். மார்ட்டின் செலிக்மன்ங்கிற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவரோட குழுவும் ஒரு வாரம் ஆளுங்களை இப்படி எழுத வெச்சுப் பார்த்து 2005-ல முடிவை வெளியிட்டாங்க, ஆறு மாசம் கழிச்சு பார்த்தப்பவும் அவங்க முன்னைவிட சந்தோஷமாத்தான் இருந்தாங்க. அதுலயும், வாரம் முடிஞ்சப்புறம் யாரும் சொல்லாமலே தொடர்ந்து எழுதினவங்களுக்குத்தான் பலன் அதிகம்.

ஸ்டெப் 1: எப்போன்னு முடிவு பண்ணுங்க

"டைம் கிடைக்கும்போது எழுதுறேன்"னு வெச்சா அந்த டைம் வரவே வராதுங்க. ஏற்கெனவே தினமும் தவறாம செய்ற ஒரு வேலைக்குப் பின்னாடி இதை வையுங்க, கேஸ் மூடிட்டு கிச்சன் லைட்டை அணைச்சப்புறம், இல்ல பல் தேய்ச்சப்புறம், இல்ல அலாரம் வெச்சப்புறம். நோட்டும் பேனாவும் அந்த இடத்துலயே இருக்கட்டும். போன்ல எழுத வேணாம், நோட்ஸ் ஆப்பைத் திறக்கப் போயி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போய் நிப்போம், அப்புறம் மணி பதினொண்ணரை ஆயிடும்.

ஸ்டெப் 2: சின்னச் சின்ன விவரத்தோட எழுதுங்க

"குடும்பம் நல்லா இருக்கு, உடம்பு நல்லா இருக்கு"ன்னு எழுதினா மூணாவது நாளே சலிச்சிடும், ஏன்னா நாலாவது நாளும் அதையேதான் எழுதணும். இப்படி எழுதிப் பாருங்க: "சாயங்காலம் கரெண்ட் போச்சு, எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனோம், பக்கத்து வீட்டு அக்கா சுண்டல் கொண்டு வந்தாங்க, பாப்பா மாங்காயை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி தின்னா." யாரு, எங்க, என்ன சொன்னாங்கன்னு வந்துட்டா போதும், எழுதும்போதே அந்த நேரம் திரும்ப கண்ணு முன்னாடி வந்துடும்.

ஸ்டெப் 3: ஏன்னு கேளுங்க

நிறைய பேர் விட்டுடறது இதைத்தான், ஆனா எனக்கு இதுதான் உயிர்நாடின்னு தோணுது. "பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சுது. ஏன்? பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பினேன்." சரி, அப்போ நாளைக்கும் கிளம்பலாம். "ஆபீஸ்ல ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. ஏன்? நேத்து தம்பி கூட உட்கார்ந்து கணக்கெல்லாம் சரிபார்த்துக் கொடுத்தான்." அப்போ தம்பிகிட்ட அதை ஒரு வார்த்தை சொல்லணும்ல? ஏன்னு எழுத எழுத, ஒண்ணு நாம திரும்ப செய்யக்கூடிய காரியம் கிடைக்கும், இல்லன்னா நன்றி சொல்ல ஒரு ஆள் கிடைப்பாங்க.

மோசமான நாள் வந்தா?

கண்டிப்பா வரும். அன்னிக்கு நடந்த கஷ்டத்தை மறைக்க வேணாம், மேல ஒரு வரி அதை அப்படியே எழுதிட்டு, கீழ சின்னதா இருந்தாலும் மூணு தேடுங்க, சூடா ரசம் சாதம் சாப்பிட்டதுகூட கணக்குதான். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் நாட்டம் இல்லாம, தூக்கமும் பசியும் கெட்டுப்போய் இருந்தா நோட்டை நம்பி உட்காராதீங்க, டாக்டரைப் பாருங்க, இல்லன்னா மத்திய அரசோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா?

மறுநாள் எழுதுங்க, அவ்ளோதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலி செஞ்ச ஆய்வுல, ஒரு பழக்கம் தானா வர்ற அளவுக்கு ஊற சராசரியா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18-ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் தவறினது பெருசா எதையும் கெடுக்கல. அதனால, 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு சொல்றாங்களே, நமக்கு வரலையேன்னு மனசு விடாதீங்க.

கைக்கு வந்தப்புறம் சேர்த்துக்க

ஒண்ணு, மத்தவங்களுக்காக கொஞ்சம் செலவு பண்றது. 2008-ல எலிசபெத் டன்ங்கிற உளவியல் ஆய்வாளரோட குழு கனடாவுல சிலருக்கு காலைல 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து சாயங்காலத்துக்குள்ள செலவழிக்கச் சொன்னாங்க, தனக்கு செலவழிச்சவங்களைவிட அடுத்தவங்களுக்கு செலவழிச்சவங்கதான் சந்தோஷமா இருந்தாங்க, தொகை எவ்வளவுங்கிறது முக்கியமாவே இல்ல. கூட வேலை செய்றவங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க, போதும்.

ரெண்டாவது, தெரியாதவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுறது. சிகாகோ ரயில்ல தினமும் போறவங்களை வெச்சு செஞ்ச ஆய்வுல, பேசினா சங்கடமா இருக்கும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க, ஆனா பேசினவங்களுக்கு அந்தப் பயணம்தான் நல்லா இருந்துச்சு. காய் வாங்குற இடத்துல "இந்தக் கீரை எந்த ஊர்ல இருந்து வருதுக்கா?"ன்னு ஆரம்பிக்கலாம், பதில் என்ன வந்துச்சோ அதையே ராத்திரி நோட்டுல முதல் வரியா எழுதிக்கலாம்.