உப்புக்காற்றில் பழைய சிந்தசைசர்: செய்யக்கூடாதவை

கீழக்கரை வீட்டுப் பரணிலோ, தங்கச்சிமடம் சர்ச் அலமாரியிலோ பழைய சிந்தசைசர் (மின்சுற்றுகளால் ஒலி உண்டாக்கும் கட்டைக் கருவி) ஒன்று கிடைத்தால், உடனே பிளக்கில் சொருகாதீர்கள். முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பான் சந்தைக்காகச் செய்ததில் 100 வோல்ட் என்று இருக்கும். நம் லைனில் வருவதோ 230. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் போட்டால் பவர் சப்ளை கருகிவிடும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது பேட்டரியில்தான். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் 32 ஒலிகளையும் காப்பது உள்ளே சால்டர் செய்த சின்ன லித்தியம் செல். அது தீர்ந்தால் ஒலிகள் குழம்பிவிடும். உடனே "போர்டு போச்சு" என்று ஒருவர் சொல்வார், நம்பிவிடாதீர்கள். ஒலிகள் இன்னும் சரியாக இருந்தால், மிடி (கருவியையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் முறை) வழியாகக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் செல்லை மாற்றுங்கள். 1981-இன் கோர்க் பாலிசிக்ஸ் கதை வேறு. அதன் சார்ஜ் ஆகும் பேட்டரி கசிந்து, போர்டிலுள்ள செம்புத் தடங்களையே அரித்துவிடும். அந்த மாடல் என்றால் விலை பேசும் முன்பே உள்ளே திறந்து காட்டச் சொல்லுங்கள். பச்சை பூத்திருந்தால் விலையைப் பாதியாக்குங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

சில கட்டைகள் மட்டும் ஊமையானால் பெரும்பாலும் கட்டைக்கு அடியிலுள்ள மின்தொடர்பில் (காண்டாக்டில்) தூசியும் உப்பும்தான். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். பாலித்தீனில் இறுகச் சுற்றி வைப்பதும் தவறு, ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பருத்தித் துணி போர்த்துங்கள்.

இசைப் பக்கம் வந்தால், 1970-இன் மினிமூக் சிந்தசைசரில் இரண்டு கட்டையை அழுத்தினாலும் ஒரு சுரம்தான் வரும். அது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி. பேஸ் (கீழ்ச்சுர வரிசை), லீடு (முதன்மை மெட்டு) வாசிக்கத்தான் அது. பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு வேண்டுமென்றால் 1978-இன் ப்ராஃபெட்-5 மாதிரி ஒன்றைத் தேடணும்.

வயலின், புல்லாங்குழல் மாதிரி கேட்கிறதா என்று மட்டும் சோதிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். ரோலண்ட் டிபி-303 பேஸ் கிட்டாருக்குப் பதிலாக விற்க வந்து, அந்த வேலையில் தோற்ற பெட்டி. 1982-இல் மும்பையில் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதையும், டிஆர்-808 தாளக் கருவி, ஜூபிட்டர்-8 சிந்தசைசர் இரண்டையும் வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். சில ஆண்டுகள் கழித்து சிகாகோவில் அதே 303-இன் குமிழ்களைத் திருகித்தான் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது. ஆகவே பழைய கருவி வாங்கினால், முதலில் ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டர் குமிழைத் திருகிப் பாருங்கள்.

திருவிழாக் கச்சேரிக்கு மினிமூக் மாதிரி அனலாக் கருவி கொண்டுபோனால் அரை மணி நேரம் முன்பே ஆன் செய்யுங்கள். சூடேறும் வரை சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். மேடை மின்விசிறியையும் அதன் மேல் திருப்பாதீர்கள்.